அவ ஆரையும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டா

ஒரு மனிதர் தன் பூனையிடம் லீவு கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஜேர்மனியில், ஹம் நகரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கம் இருந்து நாங்கள் "நூறு" என்போம். அன்று ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம்.

"இண்டைக்கு எனக்கு வேலை இல்லை. ஒரு ஆறு மணி வரைக்கும் படுக்க விடுங்கோவன்" என்று ஓர் ஆண் குரல் கெஞ்சியது. பதிலுக்கு ஒரு மியாவ். பிறகு கட்டில் கிறீச்சிட்டது, செருப்பு இழுபட்டது, அலுமாரி திறந்தது, மீன் அடைத்த ரின்னின் தகர மூடி கிழிந்தது. லீவு கிடைக்கவில்லை.

அவர் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தார். பாண் சுடுகிற ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். தனி ஆள். பெயரை எழுதப்போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனத்துக்கு அவர் பூனை அண்ணை. பூனைக்குப் பெயரே கிடையாது. "அவ" என்பார். "அவ வந்திட்டா", "அவவுக்கு இண்டைக்குக் குணம் சரியில்லை" என்று, ஏதோ பள்ளிக்கூடத்து அதிபரைப் பற்றிச் சொல்வதுபோல. புதிதாகக் குடிவந்த நாட்களில் உள்ளே ஒரு மனைவி இருக்கிறா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. வயோதிபர் இல்லத்தில் வேலை. ஆனால் ஆட்கள் சொல்கிற கதைகள் என்றால் எனக்கு உயிர். ஷிஃப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் கிறுக்கி வைப்பேன். அந்தத் தாள்கட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதி அவர் சொன்னது. "நான் பூனை வளர்க்கேல்லைத் தங்கச்சி, அவதான் ஒரு ஆம்பிளையை வளர்க்கிறா" என்று ஒன்று. "அவவுக்கு மூண்டு குரல். ஒண்டு சாப்பாட்டுக்கு, ஒண்டு கதவுக்கு, மற்றது வேலைக்காரன் உள்ளை நிக்கிறானோ எண்டு பாக்கிறதுக்கு" என்று இன்னொன்று.

சொன்னது உண்மைதான். மூடிய கதவின் முன் நின்று அவ அழுவா. அவர் திறப்பார். அவ வாசலில் குந்தி வெளியைப் பார்ப்பா. போகமாட்டா. அவர் மூடுவார். திரும்ப அழுகை. ஒரு பின்னேரத்தில் பதினொரு தரம் அந்தக் கதவு திறந்து மூடியதை எண்ணியிருக்கிறேன். ஒருமுறை அவவின் முன்னங்காலில் கண்ணாடித் துண்டு குத்தி, புண் ஆறும்வரைக்கும் அவர் சூரை மீனைக் கையால் உதிர்த்து ஊட்டினார். அதன் பிறகு சூரை வேண்டுமென்றால் நொண்டுவா. எந்தக் காலில் காயம் பட்டது என்பதை மட்டும் மறந்துபோவா.

"அண்ணை, நேற்று இடது கால், இண்டைக்கு வலது கால்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் குடுக்கிறியளே?"

"நடிக்கிறதுக்கு எவ்வளவு கஷ்டப்படுறா, பாருங்கோ. அதுக்காவது குடுக்கவேணும்."

இப்படிப்பட்ட பகிடிக்காரர் என்றுதான் எல்லாரும் அவரை நினைத்திருந்தார்கள். நானும்தான். ஆனால் அவரிடம் இன்னொன்று இருந்தது. பகிடி என்று எடுக்கமுடியாத ஒன்று. தனக்காக யாரும், எதுவும் காத்திருக்கக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டால், "வந்தால் வருவன். எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதானே யாரும் எடுப்பார்கள். ஒரு தைப்பொங்கலன்று அப்படித்தான் எடுத்தோம். இரண்டு மணிக்கு வந்தார். மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார் என் கணவர், சிரித்துக்கொண்டு.

அந்த மனிதரின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போகும்போது விடைபெறுகிற விதமும் அப்படி. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால் "போட்டு வாறன்" என்பார்கள். வாறன் என்று சொல்லாமல் எழும்பிப் போவது செத்த வீட்டில் மட்டும்தான். இவர் எல்லா வீட்டிலும் "போறன்" என்பார். கலியாண வீட்டிலும் "போறன்". அதற்காகவே இவரைக் கூப்பிடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். "வாய்க்குள்ளை சனியனை வைச்சிருக்கிற மனுசன்" என்று ஓர் அக்கா என் காதுபடச் சொன்னா.

என் கணவருக்கு நாய்ப் பைத்தியம். எங்கள் கட்டடத்தில் நாய் வைத்திருக்க விடமாட்டார்கள் என்பதால் வாயால் மட்டும் வளர்த்தார். அண்ணையைக் கண்டால் சீண்டுவார்.

"நாய் எண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் அண்ணை. உங்கடை மகாராணி வாலை ஆட்டினா எண்டால் கடிக்கப்போறா எண்டு அர்த்தம்."

"அது நல்லதுதானே. முன்கூட்டியே சொல்லுறா."

"நாய்க்கு நன்றி இருக்கு."

"நாய்க்கு நீங்கள் கடவுள் தம்பி. கடவுளா இருக்கிறது லேசான வேலை எண்டு நினைக்கிறியளோ? பூனைக்கு நீங்கள் வேலைக்காரன். உவன் போனால் வேறை ஒருத்தன். எனக்கு இந்த உத்தியோகம் காணும்."

"கூப்பிட்டால் வருவாவோ உங்கடை முதலாளி?"

"மாட்டா" என்றார் அண்ணை. "சொன்னதைக் கேக்கவே மாட்டா. அதுதான் எனக்குப் பிடிச்சது."

ஒரு நாள் அவ கழுத்தில் ஒரு கடதாசிப் பட்டியோடு வந்தா. இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்தக்காரர் தெரியாத பூனை ஒன்று வீட்டுக்கு வந்துபோனால், கடதாசித் துண்டில் எழுதிக் கழுத்தில் தளர்வாக ஒட்டி அனுப்புவார்கள். 'இந்தப் பூனைக்கு வீடு உண்டா? தினமும் எங்களிடம் சாப்பிட வருகிறது. மிகவும் பசியோடு இருக்கிறது' என்று எழுதி ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது. படிக்கட்டில் வைத்து என் கணவர் அதை உரக்க வாசித்தார். பசியோடு இருக்கிற பூனை மூன்றாம் மாடிக்கு ஏறமுடியாமல் இரண்டாம் மாடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

அண்ணைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். இத்தனை மீன் ரின், இத்தனை விடியற்காலை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். "தங்கச்சி, ஒருக்காக் கதைச்சுத் தாங்கோ" என்று என்னைப் பிடித்தார்.

இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஒரு ஜேர்மன் தம்பதி. அந்த அம்மா கொஞ்சம் மனம் உடைந்துதான் பேசினா. நாங்கள் அவளுக்கு பிரின்செசின், இளவரசி, என்று பெயர் வைத்திருக்கிறோம், அவள் எங்களோடு இருந்து தொலைக்காட்சி பார்ப்பாள், பாவம் யாரும் இல்லாதவள் என்று நினைத்தோம் என்றா. அண்ணை பக்கத்தில் நின்று என் கையைச் சுரண்டினார்.

"ஒரு நாளைக்கு நான் இல்லாட்டி வைச்சிருப்பினமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். கட்டாயம் வைத்திருப்போம் என்றா.

"பாத்தியளோ" என்றார் அண்ணை. "அவ ஆரையும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டா. நான் ஒரு நாள் வராட்டி இரண்டு தெரு தள்ளிப் போவா. அவ்வளவுதான்." பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளையைப்போலப் படியேறிப் போனார்.

ஏன் இவ்வளவு நிம்மதி என்பது எனக்கு அந்தக் கார்த்திகை மாதம்தான் தெரியவந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு சுப்பர்மார்க்கெட் இருந்தது. வாசற் கண்ணாடியில் ஒரு நாயின் படம் போட்டு, 'நாங்கள் வெளியில்தான் நிற்கவேண்டும்' என்று நாயே சொல்வதுபோல எழுதியிருக்கும். பக்கத்தில் நாய் கட்டுகிற இரும்பு வளையம். அண்ணை அந்த வாசலைச் சும்மா தாண்டிப் போகமாட்டார். நாய் ஏதும் கட்டியிருந்தால் சொந்தக்காரர் வரும்வரைக்கும் பக்கத்தில் போய் நிற்பார். தடவ மாட்டார், கதைக்க மாட்டார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல நிற்பார். வேலைக்குக்கூடப் பிந்திப் போயிருக்கிறார்.

அன்று மழைத்தூறல். வேலை முடிந்து வந்தேன். கடை வாசலில் ஓர் இளம் ஜேர்மன் பெண் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். இவர் கையில் நாய்க்கயிறு. நாய் திருடுகிறான், பொலிசைக் கூப்பிடுவேன் என்கிறாள். அண்ணைக்கு ஏதோ கொஞ்சம் ஜேர்மன் மொழி தெரியும், ஆனால் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய், நீங்கள் நெடுநேரமாக வராததால் உங்களுக்கு ஏதோ ஆபத்து என்று பயந்துவிட்டார் என்று ஒருமாதிரிச் சமாளித்தேன். அவள் மருந்துக்கடை வரிசையில் அகப்பட்டுவிட்டாளாம். "அவன் காத்திருந்து பழகியவன். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை" என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

"அவிட்டு விட்டனான் தங்கச்சி" என்றார் அண்ணை. "போ எண்டும் சொன்னனான். போகேல்லை. அந்த இடத்திலையே இருக்குது."

அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் தரிப்பில் இருத்தினேன். இரண்டு பஸ் போய்விட்டது. அப்போதுதான் சொன்னார்.

"ஆமி வருது எண்டு ஊர் முழுக்க ஒரே நாளிலை எழும்பினது எல்லே. அம்மாவை நான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன், எங்கடை நாய் பின்னாலை வருது. சந்தி வரைக்கும் வந்திட்டுது. சனத்துக்குள்ளை மிதிபட்டுச் செத்துப்போகும் எண்டு திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசல் படலையடியிலை விட்டன். 'இரு, போட்டு வாறன்' எண்டன். இருந்துது."

"கட்டேல்லையோ?"

"கட்டியிருந்தால் நல்லது. கயிறு எண்டால் இத்துப்போகும், கடிச்சு அறுக்கும். நான் சொல்லாலை கட்டிப்போட்டு வந்திட்டன். இரு எண்டால் இருக்கவேணும் எண்டு நான்தானே பழக்கினனான். மீன் தலை குடுத்து ஒரு மாசம் பழக்கினனான். பெடியங்களுக்குக் காட்டிப் பெருமை அடிக்கிறதுக்கு."

இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். ஊரை விட்டுக் கிளம்பாமல் நின்ற கிழவர் ஒருவர் வெகுகாலம் கழித்து வந்து இவரைக் கண்டாராம். "'தம்பி, உன்ரை நாய் படலையிலை இருந்துது. நான் சோத்தைக் காட்டிக் கூப்பிட்டனான், வரேல்லை' எண்டார். பிறகு வேறை கதைக்குப் போட்டார்."

"எத்தினை நாள் எண்டு கேட்டனீங்களோ அண்ணை?"

"இல்லை." ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டால் ஒரு எண் வரும் தங்கச்சி. வந்தால் அதைச் சாகும்வரைக்கும் வைச்சிருக்கவேணும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அட்டவணையின் பின்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வசந்தத்தில் அவருக்கு இதயத்தில் வால்வு ஒன்று மாற்றவேண்டும் என்று டெர்மின், அதாவது நாள், குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு கிழமையும் தன்னைப் பற்றி ஒரு கவலையும் பட்டதாகத் தெரியவில்லை. அவவைப் பிரித்துவிடுவதுதான் வேலை. மீனைக் குறைத்தார். விடிய எழுப்பினால் எழும்பாமல் படுத்துக் கிடந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். மூன்று குரலும் போட்டுப் பார்ப்பா. இவர் அசையமாட்டார். கடைசிக் கிழமை ஒரு துவாயில் சுற்றி அந்தத் தம்பதி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

என்னிடம் வீட்டுத் திறப்பைத் தந்தார். "கடிதம் வந்தால் எடுத்து வையுங்கோ. ஒண்டு சொல்லுறன். அவ இஞ்சாலை வந்தாலும் சாப்பாடு வைக்கக் கூடாது. வைச்சால் இதிலை இருப்பா. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

சின்ன பாக் ஒன்றோடு படி இறங்கினார். "போறன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறியள். இண்டைக்காவது போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னால் பாத்துக்கொண்டு இருப்பியள்" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் வேலையால் வர, அவ அவருடைய கதவுக்கு முன்னால் கால்மிதியில் இருந்தா. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தவ, கதவைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருந்தா. தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் விட்டேன். வைத்த சாப்பாடு அப்படியே கிடக்கிறது என்றா. அடுத்த நாள் திரும்பக் கால்மிதியில். அதற்கடுத்த நாளும். முதுகைத் தடவினால் எலும்பு தட்டுப்பட்டது. ஏழாம் நாள் என்னால் ஏலவில்லை. உறைப்பில்லாமல் கொஞ்சம் கோழி அவித்துக் கொண்டுவந்து வைத்தேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட்டா. அன்றிலிருந்து தினமும் வைத்தேன். தினமும் இருந்தா.

ஒப்பரேஷன் முடிந்து அவர் கதைக்கத் தொடங்கியதும் போன் எடுத்தார். குரல் காய்ந்து கிடந்தது.

"என்னைத் தேடுறாவோ?"

"இல்லை அண்ணை. அங்கை சோபாவிலை படுத்துக் கிடக்கிறா. எங்களைக் கண்டால் ஆர் எண்டும் கேக்கிறா இல்லை."

"உண்மையோ?"

"ஓம்."

"ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்."

பூனையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சோபாவில் நல்ல மெத்தை ஒன்று போட்டுத் தந்தா. படத்தில் விழாத இடத்தில் நான் ஒரு கோழித்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டத்து ராணியைப்போல நிமிர்ந்து பார்த்தா. அனுப்பின உடனே அவருடைய குரல் பதிவு வந்தது. சிரிப்பும் இருமலும். "நான் சொன்னனான் எல்லே. அவ ஆரையும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டா." நான் திரும்பி வந்து படியேற, எனக்கு முன்பே அவ கால்மிதியில் இருந்தா.

இரண்டாவது முறை வேறு மெத்தை போட்டு எடுத்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் நல்லாக வந்தது. மூன்றாவது படத்துக்கு, பார்த்துவிட்டார் என்கிற நீலக் குறி விழவில்லை. கிருமி தொற்றிவிட்டது, மயக்க நிலையில் வைத்திருக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

செத்த வீட்டுச் சடங்கெல்லாம் எங்கள் ஆட்கள் சேர்ந்து செய்தோம். சனியன் என்று சொன்ன அக்காவும் வந்து அழுதா. நான் சமையலுக்கு நின்றபோதும் நடுவில் ஓடிப்போய் அவவுக்குக் கோழி வைத்துவிட்டு வந்தேன். என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"நீர் ஏமாறுறீரப்பா. இவ அவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டோ நினைக்கிறீர்? இதிலை இருந்தால் கோழி வரும் எண்டு கண்டுபிடிச்சிட்டா. முந்தி நொண்டினவ, இப்ப இருக்கிறா. அவ்வளவுதான்."

"கோழி வைக்க முதலே நாலு நாள் இருந்தவ."

"அது பழக்கதோஷம். நிப்பாட்டிப் பாரும். கோழிக்கு இருக்கிறா எண்டால் இரண்டு நாளிலை எழும்பிப் போவா. போகாட்டி..."

நிப்பாட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும்தான். லேசான வேலை, இரண்டே நாள். செய்யக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள்கூட நான் தவறவிடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அன்று என் கணவரே அவித்துக்கொண்டு போய் வைத்தார். வைத்துவிட்டு வந்து படுத்தார்.

இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு ஒரு ஜேர்மன் மாணவி குடிவந்தாள். பழைய கால்மிதியை எறிந்துவிட்டுப் புதிதாகப் பச்சை நிறத்தில் ஒன்று போட்டாள். அதிலும் அவ இருந்தா. முதற் கிழமை அந்தப் பிள்ளை என்னைப் படிக்கட்டில் மறித்து, "இந்தப் பூனை தினமும் என் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறதே, யாருக்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டாள்.

கையில் கோழித் தட்டு இருந்தது.

"எனக்காகத்தான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.